முதல் நாள் முதல் காட்சி, தீம் பார்க்குக்குச் சரிப்படாது

சிங்கப்பூர் செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்குக்குள், மாரியோ வீடியோ கேமின் உலகத்தை நிஜத்தில் கட்டிக்காட்டும் சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு வரப்போகிறது என்று அறிவித்தது 2019 ஏப்ரலில். ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவின் 450 கோடி சிங்கப்பூர் டாலர் விரிவாக்கத் திட்டத்தில் அதுவும் ஒன்று. அந்தச் செய்தியைப் படித்துத் துள்ளிக் குதித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும். அதே திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மினியன் பகுதிக்காகப் பழைய மடகாஸ்கர் பகுதியை 2022 மார்ச்சில் மூடினார்கள். மினியன் லேண்ட் திறந்தது 2025 பிப்ரவரி 14 அன்று. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் கொரோனா வந்து எல்லாக் கணக்கையும் கலைத்துப்போட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாரியோவின் உலகம் வேறு மூன்று ஊர்களில் ஏற்கெனவே திறந்தாகிவிட்டது: ஜப்பானின் ஒசாகாவில் 2021 மார்ச் 18, ஹாலிவுட்டில் 2023 பிப்ரவரி 17, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் எபிக் யுனிவர்ஸ் என்ற புதுப் பார்க்கோடு சேர்த்து 2025 மே 22. அங்கெல்லாம் என்ன நடந்தது என்று பார்த்தாலே நம் பக்கத்துக்கு வரும்போது எப்போது போவது, எதை எதிர்பார்ப்பது, எதற்குக் காசைக் கொட்டக்கூடாது என்று பாதி விளங்கிவிடும்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். புதிதாக எது வந்தாலும் முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது. சினிமாவுக்கு அது சரி. அதிகாலைக் காட்சியில் ஓடுகிற படமும் ஐம்பதாம் நாள் ஓடுகிற படமும் ஒரே படம்தான். தீம் பார்க்கில் திறப்பு நாளன்று நீங்கள் பார்ப்பது பாதி எடிட் செய்த பிரிண்ட். ரைடு அடிக்கடி நிற்கும். ஊழியர்களுக்குக் கை பழகியிருக்காது. சில நேரம் முக்கியமான ரைடே வந்திருக்காது. ஆறு மாதம் கழித்துப் போகிறவருக்குக் கிடைப்பதுதான் முழுப்படம். அவர் அதை நீங்கள் நின்றதில் பாதி நேரமே நின்று பார்த்துவிட்டு வருவார்.

தேதியை நம்பாதீர்கள், சுவரைப் பாருங்கள்

ஒசாகாவின் கதை நல்ல பாடம். நின்டெண்டோவும் யுனிவர்சலும் கைகோத்ததாகச் செய்தி வந்தது 2015 மே மாதம். பூமி பூஜை மாதிரியான தொடக்க விழா 2017 ஜூனில். மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோவே வந்திருந்தார். செலவு 6,000 கோடி யென்னுக்கு மேல் என்றார்கள். 2020 கோடையில் நடக்கவிருந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் திறப்பு என்றார்கள். நோய்த்தொற்றால் அது போனது. பிறகு 2021 பிப்ரவரி 4 என்று நாளே குறித்தார்கள். ஒசாகாவில் அவசரநிலை அறிவித்ததும் அதுவும் தள்ளிப்போய், மார்ச் 18-க்கு வந்து நின்றது. அதே பகுதியை ஒட்டி வந்த டாங்கி காங் கன்ட்ரி 2024 வசந்தம் என்று சொல்லப்பட்டு, 2024 டிசம்பர் 11-இல்தான் திறந்தது. அதற்கு நோய்த்தொற்றைக் காரணம் சொல்ல முடியாது.

‘2024-இல்’ என்று மொட்டையாக வருடத்தை மட்டும் சொன்னால் அதை டிசம்பர் 31 என்று எடுத்துக்கொள்வது நல்லது. ‘வசந்த காலத்தில்’, ‘கோடையில்’ என்றால் அந்தப் பருவத்தின் கடைசி வாரம். நாளும் மாதமும் சேர்த்துச் சொல்லி, அந்த நாளுக்கு டிக்கெட்டும் விற்க ஆரம்பித்தால்தான் விமான டிக்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பணம் திரும்பக் கிடைக்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு முன் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய அறிவிப்பைவிட மதில் சுவருக்கு மேலே தெரிவதுதான் நம்பகமானது. முதலில் இரும்புச் சட்டகம் எழும்பும். அதுதான் வேகமாக நடக்கிற வேலை. பார்க்கிறவர்களுக்கு ‘அட, முடிந்தேபோய்விட்டது’ என்று தோன்றுவதும் அப்போதுதான். உண்மையில் இழுத்தடிக்கிற வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

மலை, பாறை, குகை என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் சிமென்ட். கம்பியை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் வலை போர்த்தி, குழாய் வழியாகச் சிமென்ட் கலவையைப் பீய்ச்சுவார்கள். முதல் பூச்சு இறுகியதும் மேல்பூச்சு. அந்த மேல்பூச்சு காய்வதற்குள் சிறு கரண்டியும் கத்தியும் கொண்டு வெடிப்பு, அடுக்கு, கல்லின் முகம் எல்லாவற்றையும் கையால் செதுக்க வேண்டும். சில மணி நேரம்தான் கிடைக்கும். இறுகிவிட்டால் உடைத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். மழை பெய்தால் அன்றைய வேலை போச்சு. செதுக்கல் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம்: அடி நிறம், அதன்மேல் நீர்த்த நிறங்களை வழியவிட்டுத் துடைத்து எடுப்பது, கடைசியில் மேடுகளில் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டு வைப்பது. மாரியோ உலகத்தில் கல்லுக்குப் பதில் கட்டம் கட்டமான மலையும் பளீர் நிறமும் என்பதால் இது எளிது என்று நினைக்க வேண்டாம். பாறையில் ஒரு கோடு கோணலாகப் போனால் அது இயற்கை. நேர்கோட்டுக் கட்டத்தில் கோணல் தெரிந்தால் அது தப்பு.

சாரம் பிரித்து, தெருவிளக்குகள் நட்டு, கடைக்குள் அலமாரி போய், ஆள் எடுக்கும் விளம்பரமும் வந்துவிட்டால் திறப்பு சில மாதத் தூரத்தில் இருக்கிறது. அதற்குள் ரைடுகள் ஆளில்லாமல் ஓட ஆரம்பித்திருக்கும். ரோலர் கோஸ்டராக இருந்தால் மனித உருவத்தில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டுவார்கள். காலியாகவும், பாதி பாரத்தோடும், முழுப் பாரத்தோடும், வெயிலிலும், மழை ஈரத்திலும் ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். பாரம் மாறினால் வேகம் மாறும். ஈரத்தில் பிரேக் பிடிக்கிற தூரம் மாறும். இதெல்லாம் கணக்குக்குள் அடங்கிய பிறகுதான் மனிதர்களை ஏற்றுவார்கள்.

கடைசிக் கட்டம் சாஃப்ட் ஓப்பனிங். முதலில் ஊழியர்கள், பிறகு அவர்களுடைய குடும்பத்தார், பிறகு வருடாந்திரப் பாஸ் வைத்திருப்பவர்கள், சில சமயம் அன்றைக்குப் பார்க்குக்கு வந்தவர்களில் அதிர்ஷ்டசாலிகள். ஹாலிவுட்டில் பிப்ரவரி 17 திறப்புக்கு ஜனவரியிலேயே இப்படி உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள். அறிவிப்பு எதுவும் இருக்காது, எப்போது வேண்டுமானாலும் கதவை மூடிவிடுவார்கள், புகார் சொல்லவும் முடியாது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பொன்னான வாய்ப்பு. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் வருடப் பாஸ் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இதை நம்பிக் கிளம்புவது சூதாட்டம்.

சாஃப்ட் ஓப்பனிங் எதற்கு என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூர் பார்க்கின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பார்க்கின் சாஃப்ட் ஓப்பனிங் 2010 மார்ச் 18. அதன் பெரிய ஈர்ப்பான பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இரட்டைக் கோஸ்டர் இருக்கைக் கோளாறால் சில நாட்களிலேயே நின்றது. மறுபடி ஓடியது 2011 பிப்ரவரியில். 2011 மே 28 அன்று பார்க்கின் கோலாகலத் திறப்பு விழா நடந்தபோது கோஸ்டர் தயாராக இருந்தது. கதை அதோடு முடியவில்லை. 2013-இல் மறுபடி நிறுத்தி, 2015-இல் திரும்ப ஓட்டியபோது வரிசைக்கு 4 பேர் உட்கார்ந்த இடத்தில் 2 பேர்தான். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ரயிலில் ஏறுகிற ஆள் பாதியாகிறது என்றால் வரிசையில் நிற்கிற நேரம் என்னவாகும்? அந்தக் கணக்குத்தான் இந்த விஷயத்துக்கே முதுகெலும்பு.

ஒரு மணிக்கு எத்தனை தலை

ஒரு ரைடு பிரமாண்டமா, மொக்கையா என்பதெல்லாம் பிறகு. மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒசாகாவின் மாரியோ கார்ட் வண்டியில் 4 பேர், இரண்டிரண்டு பேராக உட்காரலாம். உதாரணத்துக்கு 12 வினாடிக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 வண்டி, 20 பேர். மணிக்கு 1,200. காகிதத்தில் இது அழகு. நடைமுறையில் மூன்று பேர் குடும்பம் வரும், ஓர் இருக்கை காலியாகப் போகும். பாட்டிக்கு ஏறி உட்கார நேரமாகும், ஒரு வண்டி தாமதமாகும். குழந்தையின் பை மாட்டிக்கொள்ளும். ஆக 1,000 பேர் போனால் நல்ல நாள். 10 மணி நேரம் ஓடினால் 10,000 பேர். புதிதாகத் திறந்த ரைடு ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரம் நின்றுபோவது ஆச்சரியமில்லை. அப்படியானால் 8,000. அன்றைக்கு 10,000 பேர் அதற்காகவே வந்திருந்தால் 2,000 பேர் ஏறாமலே வீடு திரும்புவார்கள். எத்தனை கெட்டிக்காரத்தனமாகத் திட்டம் போட்டாலும் அந்த 2,000 மாறாது. அதில் நீங்கள் இருக்கிறீர்களா, வேறொருவர் இருக்கிறாரா என்பதுதான் மாறும்.

ஏன் நிற்கிறது? பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. பாதை முழுவதும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி அடுத்த துண்டுக்குப் போய்விட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னாலிருப்பது நகரும். ஏறும் இடத்தில் ஒரு வண்டி 40 வினாடி தாமதமானால், உள்ளே வருகிற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மடிமேல் இறங்கும் கம்பி பூட்டிவிட்டதா என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் பார்க்கும். ஒன்று ‘ஆம்’, இன்னொன்று ‘இல்லை’ என்றால் கணினி விவாதிக்காது, மொத்தத்தையும் நிறுத்திவிடும். நிறுத்துவது ஒரு நொடி. திரும்பக் கிளப்புவதற்கு ஒவ்வொரு துண்டாகச் சரிபார்க்க வேண்டும், சில நேரம் உள்ளே இருப்பவர்களை நடத்தியே வெளியே கொண்டுவர வேண்டும். 20 நிமிடம் போய்விடும். புது ரைடில் சென்சார்களின் உணர்திறனை இன்னும் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அதனால்தான் முதல் சில மாதங்கள் இப்படி.

கூடுதல் காசு கொடுத்துத் தனி வரிசையில் போகிற எக்ஸ்பிரஸ் டிக்கெட்டின் விளைவையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏறுமிடத்துக்குச் சற்று முன்னால் எக்ஸ்பிரஸ் வரிசையும் சாதாரண வரிசையும் சேரும். அங்கே நிற்கிற ஊழியர் இத்தனைக்கு இத்தனை என்று இரண்டு பக்கமும் மாறி மாறி விடுவார். பாதி இருக்கை எக்ஸ்பிரஸுக்குப் போனால், உங்களுக்கு முன் 500 பேர் நிற்கிற சாதாரண வரிசை அரை மணியில் நகராது, ஒரு மணி ஆகும். வேகமாக நகர்ந்துகொண்டிருந்த வரிசை கடைசி வளைவில் வந்து உறைந்துவிடுவதன் ரகசியம் இதுதான். உள்ளே நுழைந்ததும் ‘அப்பா, மடமடவென்று போகிறதே’ என்று மகிழ்பவர்களுக்கு அந்தக் கடைசி வளைவு தெரியாது.

புது இடத்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதை யாராலும் சரியாகக் கணிக்க முடிந்ததில்லை. 2019-இல் இரண்டு வார இடைவெளியில் நடந்த இரண்டு திறப்புகளைப் பாருங்கள். மே 31 அன்று கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. பரப்பு 14 ஏக்கர். ஊரே திரண்டு வரும் என்று அஞ்சி, ஜூன் 23 வரை முன்பதிவு செய்தவர்களை மட்டும், அதுவும் ஆளுக்கு 4 மணி நேரம் என்று விட்டார்கள். இரண்டு ரைடில் ஒன்றுதான் தயாராக இருந்தது. இன்னொன்று முதலில் ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பார்க்கில் டிசம்பரில் வந்தது, கலிஃபோர்னியாவுக்கு 2020 ஜனவரி 17-இல்தான் வந்தது. முன்பதிவுக் காலம் முடிந்து கதவு எல்லோருக்கும் திறந்தபோது அஞ்சிய கூட்டம் வரவில்லை. ‘கூட்டம் தாங்காது’ என்ற பேச்சே பலரை வீட்டில் உட்காரவைத்துவிட்டது. இரண்டாவது ரைடு வரட்டும் என்று மிச்சப் பேர் காத்திருந்தார்கள். ஜூன் 13 அன்று ஆர்லாண்டோ யுனிவர்சலில் ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ரிட் பெயரிலான மோட்டார் பைக் கோஸ்டர் திறந்தது. முன்பதிவு கிடையாது. முதல் நாள் வரிசை 10 மணி நேரம் வரை போனது. 10 மணி நேரம்! சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆகவே திறப்பு நாளில் போயே ஆக வேண்டும் என்று பிள்ளை அழுதால் ஒன்றை மட்டும் பாருங்கள்: நேரம் குறித்த முன்பதிவு இருக்கிறதா? இருந்தால், கையில் கிடைத்துவிட்டால், தாராளமாகப் போகலாம். இல்லாவிட்டால் பிள்ளை அழுவதே மேல்.

பச்சைக் குழாயும் கிண்ணமும்

மாரியோ உலகத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது அந்த இடத்தின் அமைப்பு. ஒசாகாவில் பெரிய பச்சைக் குழாய்க்குள் நுழைந்து நடக்க வேண்டும். மறுமுனையில் இளவரசி பீச்சின் கோட்டைக் கூடம். அதைத் தாண்டி வெளியே வந்தால் ஒரே அடியில் எல்லாம் கண்முன்: சுழலும் நாணயங்கள், மேலும் கீழும் அசையும் காளான்கள், எதிரே வில்லன் பவுசரின் கோட்டை. நாலு பக்கமும் உயர்ந்து நிற்கும் மலைகள் வெளியுலகத்தை அடியோடு மறைத்துவிடும். கிண்ணத்தின் அடியில் நிற்பதுபோல இருக்கும். இந்த வித்தை பலிப்பதற்குக் காரணமே அந்தச் சுவர்கள்தான். அதே சுவர்களால்தான் உள்ளே கொள்கிற ஆள் எண்ணிக்கைக்கும் எல்லை. மாடிப்படி, குகை வழி என்று பல தளம் இருந்தாலும் பாதைகள் குறுகல். நிரம்பிவிட்டால் நகர இடமில்லை.

எனவே ஒசாகாவில் ஒரு முறை வைத்தார்கள். பார்க் டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பகுதிக்குள் நுழைய நேரச் சீட்டு வேண்டும். பார்க் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் ஆப்பில் அதை எடுக்க முடியும். இலவசம்தான், ஆனால் முந்தியவருக்கே. தீர்ந்துவிட்டால் குலுக்கல் சீட்டு. நேரம் குறித்த எக்ஸ்பிரஸ் டிக்கெட் வாங்கியவர்களுக்கு உள்ளே நுழையும் நேரமும் அதிலேயே அடக்கம். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதே சீட்டில் திரும்ப நுழைய முடியாது. சாப்பிட வெளியே போய் வரலாம் என்று கிளம்பியவர்கள் ஏமாந்த இடம் இது. கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் உள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ஒசாகாக்காரர்களுக்குத் தெரிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. பார்க் பல நாள் அறிவித்த நேரத்துக்கு முன்பே வாசலைத் திறந்துவிடும். அந்த முதல் கொஞ்ச நேரத்தில் நுழைகிறவர்கள் சீட்டே இல்லாமல் நேராக உள்ளே நடந்துவிடலாம். சிங்கப்பூரிலும் இதே முறைதான் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த முறை வந்தாலும் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, கணக்குத் திறந்து, குடும்பத்தார் எல்லோருடைய டிக்கெட்டையும் அதில் ஏற்றி ஒரே குழுவாக்கி வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். வாசலில் நின்று பாஸ்வேர்டு மறந்து விழிப்பவர் முன்னால் 10 மணி ஸ்லாட் 3 மணி ஸ்லாட்டாகிவிடும். கூடவே ஒரு பவர் பேங்க்.

இனி ரைடு. மாரியோ கார்ட் என்றதும் பறக்கிற பந்தயம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் தொங்கிப்போய் வருவார்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். தண்டவாளத்தில் ஓடுகிற, கூரைக்குள் நடக்கிற விளையாட்டு அது. ஏறுவதற்கு முன் மாரியோ தொப்பி மாதிரியான பிளாஸ்டிக் தலைப்பட்டையைத் தருவார்கள். பின்னால் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கிவிட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் இன்னும் இறுக்குங்கள். வண்டியில் ஏறியதும் கேபிளில் தொங்கும் கண்ணாடியை எடுத்து அந்தப் பட்டையின் முன்னால் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். பட்டை தளர்ந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே கண்ணாடி மூக்குக்கு இறங்கி, படம் இரண்டிரண்டாகத் தெரியும். ‘ஒன்றும் புரியவில்லை’ என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் திருகை இறுக்காதவர்கள். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டியதில்லை.

விளையாட்டு இதுதான்: எதிரியைப் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆமை ஓடு அந்தப் பக்கம் பறக்கும். கையால் குறி வைக்க வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும். அம்புக்குறி தெரியும்போது அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தால் கூடுதல் நாணயம். 100 நாணயம் சேர்ந்தால் பவுசர் அணியை வென்ற மாதிரி. முதல் முறை நாலாபக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்விடுவோம், அது இயல்பு.

உயரக் கணக்கை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒசாகாவில் மாரியோ கார்ட்டுக்குக் குறைந்தது 107 செ.மீ. வேண்டும், 122 செ.மீ.க்குக் கீழே என்றால் பெரியவர் கூட ஏற வேண்டும். ஹாலிவுட்டில் இன்னொரு சிக்கல்: இடுப்புச் சுற்றளவு 40 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இருக்கை பொருந்தாமல் போகலாம் என்று பார்க்கே அறிவித்திருக்கிறது. நம் வீட்டு அப்பாக்களில் 40 அங்குலத்தைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். வரிசையின் தொடக்கத்தில் சோதனை இருக்கை வைத்திருந்தால் கூச்சப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு திரும்பி நடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் பிடுங்கும் இடம் கைப்பட்டை. பவர்-அப் பேண்ட் என்று பெயர். ஒசாகா திறந்தபோது 3,200 யென். மாரியோ, லூயிஜி, பீச், டெய்ஸி, டோட், யோஷி என்று ஆறு வகை. பார்க் டிக்கெட்டில் சேராது. இது இல்லாமலும் உள்ளே சுற்றலாம், ரைடு ஏறலாம். ஆனால் கேள்விக்குறிப் பெட்டியை இடித்துச் சேர்க்கும் நாணயம் கணக்கில் ஏறாது, சாவி விளையாட்டுகளில் சாவியும் சேராது. மூன்று சாவி சேர்த்தால்தான் பவுசர் ஜூனியரோடு மோதும் கடைசி விளையாட்டுக்குள் விடுவார்கள். ஒசாகாவில் சாவி விளையாட்டு ஐந்து, ஹாலிவுட்டில் நான்கு. நண்டுஞ்சிண்டுமாக இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரு பட்டை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்றும் வாங்காமல் இருங்கள், இல்லை இரண்டாக வாங்குங்கள். பெரியவர்களுக்கு வேண்டாம். கூட்ட நாளில் ஒவ்வொரு சாவி விளையாட்டுக்கும் தனி வரிசை நிற்கும், ஆகவே நேரம் குறைவாக இருந்தால் பட்டை வீண்செலவு. ‘பவ்’ (POW) என்று எழுதிய பெட்டியை அடித்து ஆமை ஓட்டைத் தள்ளிவிடுகிற விளையாட்டில் பலத்துக்கு வேலையில்லை. சரியான கணத்தில் அடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனால் முதல் அடியிலேயே சாவி கிடைக்கும்.

எப்போது போவது

சிங்கப்பூரின் பள்ளி விடுமுறைகள் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் ஒரு மாதம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. நம் ஊர்க் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க. அதாவது மே மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு லீவு, அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குக் காலண்டர் தானாகவே செய்துதருகிற உபகாரம் இது. மே 1-உம் விசாக தினமும் அங்கே அரசு விடுமுறை, அவற்றையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பிடித்தால் போதும். ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் இந்த அனுகூலம் மொத்தமும் போய்விடும். தீபாவளிக்கும் அங்கே விடுமுறை உண்டு என்பதால் ‘தீபாவளி லீவில் போய் வரலாம்’ என்பது நல்ல யோசனை இல்லை.

மழையை மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாள் மழை பெய்கிறது. பெரும்பாலும் இடியோடு கொட்டி ஒரு மணி நேரத்தில் ஓய்கிற மழை. பக்கத்தில் மின்னல் என்று எச்சரிக்கை வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அந்தக் கூட்டம் அப்படியே கூரைக்குள் ஓடும் ரைடுகளின் வரிசைக்குள் வந்து விழும். வானம் கறுக்கும்போதே, முதல் துளி விழுவதற்குள், கூரைக்குள் உள்ள வரிசையில் நுழைந்துவிடுபவர் பிழைத்தார். குடை பிடித்துக்கொண்டு நெரிசலில் நடப்பது எல்லோருக்கும் இம்சை. மெல்லிய மழைச்சட்டை போதும், அதை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

போகும் வழி எளிது. ஹார்பர்ஃபிரன்ட் எம்.ஆர்.டி. நிலையம், மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளம், அங்கிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ். முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்டு. தீவுக்குள் நுழையத்தான் காசு, திரும்பி வர இல்லை. நடக்கத் தெம்பிருந்தால் கடலை ஒட்டிப் பலகைப் பாதை இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. காலையில் வாசல் திறப்பதற்கு முக்கால் மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். திறந்ததும் வாசலிலுள்ள யுனிவர்சல் உலக உருண்டை முன்னால் போட்டோ எடுக்க நிற்காதீர்கள். அது சாயங்காலமும் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

காலையைத் தவறவிட்டவர்களுக்கு மிச்சமிருப்பது கடைசி ஒரு மணி நேரம். குழந்தைக் குடும்பங்கள் கிளம்பிவிடும், கைப்பட்டைக்காரர்கள் களைத்திருப்பார்கள். மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டவர்களைப் பெரும்பாலான பார்க்குகள் ஏற்றிவிட்டுத்தான் அனுப்பும். வாசலில் ‘60 நிமிடம்’ என்று பலகை மின்னினாலும் அந்த வேளையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புதிதாக ஆள் சேரக்கூடாது என்பதற்காகவே கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார்கள். ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல நேரம் அவரே மணியைப் பார்த்துவிட்டு, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டுவார்.